ஊர்த்தெரு வழியே சென்ற தலைவரம்மா

காலையில் அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் நுரை. என்னை எடுக்கச் சொன்னார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். சித்தப்பாவின் குரல்.

"அண்ணே, மேட்டர் தெரியுமா? தலைவரு பூட்டாங்க. நெஞ்சு வலின்னு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்களாம். விடியறதுக்குள்ள முடிஞ்சிச்சாம்."

அப்பா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமல் கேட்டார். "எந்த வழியா எடுக்கறாங்களாம்?"

யாராவது இறந்தால் எப்படி இறந்தார், எப்போது எடுக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். அப்பா வழியைக் கேட்டார். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அரிசியைக் களைந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தேன். அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்பார். ஊராட்சித் தலைவர் வசந்தா இறந்ததற்கு எங்கள் தெருவில் அழ யாருக்கும் காரணம் இல்லை.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். படத்திறப்பு அன்று அவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம், எழுதிக் கொடுத்தால் படிப்போம் என்று என் வகுப்பில் படிக்கும் தீபா சொன்னாள். நான் உங்கள் காலனிக்குள் வர முடியாது. எனக்காக அவள் படிப்பாள். நாலு வரி கேட்டவுடனே நான் யார் வீட்டுப் பெண் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு, தயவுசெய்து எங்கள் தெருவில் சொல்லாமல் இருங்கள். அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது, தேர்தல் முடிந்த புதிதில். என் அம்மா எங்கள் வார்டு உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் அப்பா அம்மாவை நிறுத்தினார். ஜெயித்த பிறகு மன்றக் கூட்டத்துக்கு அப்பாதான் போவார். எழுத்தர் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வருவார். அப்பா கூப்பிட்டதும் அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். எங்கள் ஊரில் பெண் உறுப்பினர்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். அதனால் ஊரில் அப்பாவைத்தான் மெம்பர் என்று கூப்பிடுவார்கள்.

தலைவரம்மா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா மேட்டரு?"

"உங்ககிட்ட இல்ல அண்ணாத்த. மெம்பரைப் பாக்கணும்."

"நாந்தான் மெம்பரு. சொல்லு."

"நீங்களா? ஜெயிச்ச சர்டிபிகேட்ல பொம்பள பேரு கீதே. ஒருவேளை உங்களுக்கு இன்னொரு பேரு கீதா?"

உள்ளே அம்மா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அன்று தலைவரம்மா அம்மாவைப் பார்க்காமலே திரும்பினார். ஆனால் போகும்போது கேட்டுக்கு வெளியிலிருந்தே சத்தமாக, "மெம்பரம்மா, அடுத்த கூட்டத்துக்கு உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வக்கிறேன். வேற யாரும் ஒக்கார மாட்டாங்க" என்றார். அப்படியே செய்தாராம். கூட்டம் நடக்கும்போதெல்லாம் அந்த நாற்காலி காலியாகவே இருந்ததென்றும், அப்பா நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தாரென்றும் எழுத்தர் சொல்லித் தெரியும்.

அவர் தலைவராவதற்கு முன்னால் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "வெள்ளைக்காரன், வடநாட்டுக்காரன், குடிச்சவன், அழுதுகினு இருக்கறவன் எல்லாரையும் கதவத் தட்டி எழுப்பிக்கீறேன். இந்த ஊருக்காரன்தான் தூங்கற மாதிரியே நடிக்கறான்" என்று அவர் சொன்னதாக தீபா சொல்வாள். அவர் யாரையும் கூட்டிவைத்துப் பேச மாட்டார். ஒவ்வொருவரையும் தனியாகத்தான் பார்ப்பார். கூட்டத்தில் ஒருவன் எப்படிப் பேசுவான் என்பதை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் முடிவு செய்கிறான் என்பது அவர் கண்டது.

போன வருஷம் மழைக்காலத்தில் நான் பள்ளி விட்டு ஏரிக்கரை மேல் சைக்கிளில் வந்தேன். ஏரி நிரம்பி, மிகுந்த தண்ணீர் கலங்கல் வழியாக ஓடையில் போய்க்கொண்டிருந்தது. கீழே ஓடைக்குள் காலனி ஆட்கள் ஒரு பிணத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் மார்பு வரைக்கும் இருந்தது. எங்கள் ஊரில் சுடுகாடு ஒன்றுதான். ஊர்க்காரர்கள் பிணம் ஊர்த்தெரு வழியாகத் தார் ரோட்டில் போகும். காலனிப் பிணம் ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும். எனக்கு அதுவரை அது ஒரு வழக்கம். மழை பெய்வதைப் போல, அப்படித்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். அன்று முன்னால் போனவர் ஒருவரின் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. நான்கைந்து பேர் கத்திக்கொண்டே தாங்கிப் பிடித்தார்கள். பின்னால் தலைவரம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். கரைமேல் நிற்கும் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன்.

"வூட்டுக்குப் போ பாப்பா. மழ வருது" என்றார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அவர் கேட்டதை ஊரே பேசியது: "செத்தவனுக்கு நீச்சல் தெரியணும்னு எந்தச் சட்டத்துல கீது?"

அன்றிலிருந்துதான் தீர்மான வேலை ஆரம்பமானது. ஊராட்சிக்குச் சொந்தமான எந்தத் தெரு வழியாகவும் யாருடைய பிணமும் போகலாம், யாரும் தடுக்கக் கூடாது. இவ்வளவுதான் தீர்மானம். உங்களில் இளைஞர்கள் சிலர் அவரிடம் சண்டை போட்டதும் எனக்குத் தெரியும். கோயில், குளம், டீக்கடை எல்லாவற்றையும் சேர்த்து எழுதாமல் பிணத்துக்கு மட்டும் வழி கேட்கிறாயே, உயிரோடு இருப்பவனுக்கு ஒன்றும் இல்லையா, ஊர்க்காரர்களிடம் விலைபோய்விட்டாயா என்று கேட்டார்களாம். அவர் சொன்ன பதிலை தீபா எனக்கு அப்படியே சொன்னாள். "எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டினா ஒர்த்தனாலயும் தூக்க முடியாது. மொதல்ல பொணம் போவட்டும். பொணம் போன தெருவுல உசுரோட கீறவன் நடக்க எத்தினி நாளாவும்?" அன்றைக்கு எல்லோரும் அவர் வீட்டில் டீ குடிக்காமலே எழுந்து போனார்களாம். இரண்டு பக்கமும் அவரைத் திட்டிய நாட்கள் அவை.

ஒன்பது வார்டு. காலனிக்கு மூன்று, ஊர்த்தெருக்களுக்கு ஆறு. தலைவருக்கும் ஒரு ஓட்டு. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் முடிவு செய்யும் ஓட்டும் தலைவருடையது. ஆகவே ஊர்ப்பக்கத்து ஆறு பேரில் ஒரே ஒருவர் கை தூக்கினால் போதும். அந்த ஒருவருக்காக அவர் மாதக்கணக்கில் அலைந்தார். ஒரு வார்டுக்குத் தெருவிளக்கு, இன்னொரு வார்டுக்குக் கால்வாய். எங்கள் தெருவுக்கு அப்பா தண்ணீர்த் தொட்டி கேட்டார். வந்தது. தொட்டியில் தண்ணீர் ஏறிய அன்று தலைவரம்மா வாசலில் நின்றார்.

அப்பா முந்திக்கொண்டார். "டேங்க் வேற. அது வேற. கலக்காத."

"தெரியும் அண்ணாத்த. டேங்க்கு தண்ணிக்கு. ஓட்டுக்கு இல்ல. குடிங்க."

அவர் வருத்தப்பட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்ப இரண்டு மூன்று முறை உதைக்க வேண்டியிருந்தது.

கூட்ட நாள் கோடை விடுமுறையில் வந்தது. உறுப்பினர்களைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்று அவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். ஆறு பேரும் வராமல் இருந்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்பாதான் வேண்டாம் என்றார். வந்து தோற்கடித்தால்தான் இனி அந்தப் பேச்சு எழாது என்பது அவர் கணக்கு. தனியாக எங்கும் போய்ப் பழக்கமில்லாத அம்மாவுக்குத் துணையாக என்னையும் அனுப்பினார். அம்மாவிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "கைய தூக்காத. அவ்ளோதான் உன் வேல."

அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் தலைவரம்மா நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார். "வூட்டுக்காரருங்களுக்கு டீ கீது, பஜ்ஜி கீது. சண்ட போடாம துண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். உள்ளே அம்மா அந்த நாற்காலியில், நுனியில் உட்கார்ந்திருந்தார்.

ஊர்ப்பக்கத்து ஆண் உறுப்பினர் ஒருவர் பேசினார். "வாசல்ல கோலம் போட்டிருக்கும். புள்ளகுட்டிங்க வெளையாடும். பொணம் போனா நல்லா இருக்குமா?"

"உங்க அப்பா போனாரே, எந்த வழியா எடுத்தீங்க?"

"தெரு வழியாதான்."

"அன்னிக்கி கோலம் இன்னா ஆச்சு?"

யாரோ ஒரு பெண் உறுப்பினர் சிரித்துவிட்டார். ஆனால் பிறகு எண்ணும்போது அவரும் கை தூக்கவில்லை. தீர்மானம் படிக்கப்பட்டது. அதுவரை எங்கள் ஊரில் யாரும் கை எண்ணியதில்லை. எழுத்தர் படிப்பார், 'ஏகமனதாக' என்று எழுதுவார், கையெழுத்து வாங்குவார். அன்று தலைவரம்மா எண்ண வேண்டும் என்றார். காலனி உறுப்பினர்கள் மூவரும் கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார். அம்மா தன் வலக்கையை இடக்கையால் மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு வலக்கையைத் தூக்கினார். தோளுக்கு மேல்கூட வரவில்லை.

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "மெம்பரம்மா, தெரிஞ்சிதான் தூக்கறீங்களா? வெளிய அண்ணன ஒரு வார்த்த கேட்டுக்கறீங்களா?"

"எறக்கிட்டா திரும்ப தூக்க மாட்டேன். எழுதிக்கோ" என்றார் அம்மா.

ஐந்துக்கு ஐந்து. தலைவரம்மா தன் இன்னொரு ஓட்டைப் போட்டார். கைதட்டல் எதுவும் இல்லை. அவர் நேராக அம்மாவிடம் வந்து மெல்லக் கேட்டது ஜன்னலில் நின்ற எனக்குக் கேட்டது. "நான் வூடு வரைக்கும் வரட்டா?" அம்மா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

அதற்கு அடுத்த வாரம் அம்மா மதுராந்தகத்தில் மாமா வீட்டுக்குப் போனார். நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார். திரும்பக் கூப்பிடவில்லை. போனிலும் பேசக் கூடாது என்றார். அப்பா என்னை அடித்ததில்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். நான் கேட்கும் நோட்டுப் புத்தகங்கள் மறுநாளே வந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சாதம் வடிக்கும் சத்தமும் டிவி சத்தமும்தான்.

தலைவரம்மா தன் மகளை மதுராந்தகத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே போகும்போதெல்லாம் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் என்முன்னால் ஸ்கூட்டரை நிறுத்துவார். சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "இன்னா பாப்பா, உங்க தெருவுல தண்ணி வருதா?" என்பார். நான் வருகிறது என்பேன். பிறகு ஹெல்மெட்டைச் சரிசெய்வதைப் போலக் குனிந்து, "அம்மா நல்லாகீது. வெள்ளிக்கிழம எண்ண வச்சிக்கினு குளிக்கச் சொல்லிச்சி" என்பார். இன்னொரு முறை, "கணக்குல கொறஞ்சா பரவால்லன்னு சொல்லிச்சி. நான் பரவால்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அம்மாவின் வார்த்தைகள் அவர் வாய்வழியாகத்தான் எனக்கு வந்தன. அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்குள் முதலில் எழுந்தது, இனி யார் சொல்வார்கள் என்பதுதான். அது சுயநலமாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

தீர்மானம் நிறைவேறிய பிறகு காலனியில் ஒரு சாவும் விழவில்லை. அந்த வழியில் போகவேண்டிய முதல் உடல் அவருடையதே ஆனது. அதனால்தான் அப்பா அப்படிக் கேட்டார். சிறிது நேரத்தில் சித்தப்பாவும் இன்னும் சிலரும் வந்து தெருவில் நின்று பேசினார்கள். எங்கள் டிராக்டரைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்துவது என்று முடிவானது. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு போனார். போன் மேசைமேல் இருந்தது.

நான் மாமாவின் எண்ணை அழுத்தினேன். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். "அம்மா, தலைவரம்மா செத்துட்டாங்க. டிராக்டர குறுக்க நிறுத்தறாங்க" என்றேன். அதற்குமேல் பேச வரவில்லை. அம்மா அழவில்லை. "எப்ப எடுக்கறாங்க?" என்றார். சாயந்தரம் என்றேன். போன் நின்றுவிட்டது.

மாலையில் பறைச்சத்தம் தெருமுனைக்கு வந்து நின்றது. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து டிராக்டரும் அதற்கப்பால் பூப்பாடையும் தெரிந்தன. தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பாடைக்கு முன்னால் அம்மா நின்றிருந்தார். பஸ்ஸில் வந்து நேராகக் காலனிக்குப் போயிருக்கிறார்.

"ஏய், வூட்டுக்குப் போ" என்றார் அப்பா.

"எந்த வூட்டுக்கு?" என்றார் அம்மா. "நான் இந்த வார்டு மெம்பரு. கை தூக்கினவ. வண்டிய எடு."

உங்கள் பெரியவர் ஒருவர் கைகூப்பினார். "வேணாம் தாயீ. அவங்கள வச்சிக்கினு சண்ட வேணாம். நாங்க ஓட வழியாவே பூடறோம்."

"போங்க. அவங்கள இங்க வச்சிட்டுப் போங்க" என்றார் அம்மா.

சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அப்பா டிராக்டரில் ஏறினார். அவர் மனம் மாறி ஏறினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரே பார்க்கத் தன் மனைவி தெருவில் நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். ஆனால் வண்டியைப் பின்னால் எடுத்தது அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

தலைவரம்மா எங்கள் தெரு வழியாகப் போனார். எங்கள் ஜன்னலுக்கு மிக அருகில் போனார். முகத்தில் சாமந்திப்பூ ஒட்டியிருந்தது. ஓடையில் அன்றைக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் உடம்பில் ஒரு துளியும் படவில்லை. அம்மா எங்கள் வாசலில் நிற்காமல் பாடையோடு நடந்தார். பிறகு அப்படியே கடைசி பஸ்ஸைப் பிடித்து மதுராந்தகம் போய்விட்டார் என்று தீபா சொன்னாள்.

அம்மாவுக்கு யார் தகவல் சொன்னது என்று அப்பா இத்தனை நாளாக விசாரிக்கிறார். எழுத்தரைக் கேட்டார். சித்தப்பாவைச் சந்தேகப்பட்டதில் இரண்டு பேரும் இப்போது பேசுவதில்லை. என்னைக் கேட்கவே இல்லை. நான் சொல்லியிருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒருநாள் தோன்றும். போனை எடுத்து, அன்றைக்கு யாருக்கு அழைப்பு போனது என்று பார்ப்பார். அவர் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

உங்களிடம் அவர் விட்டுப்போனது ஒரு வழி. மகளுக்கு அவர் ஸ்கூட்டர் இருக்கும். என்னிடம் இருப்பது வேறு. கடைசியாக பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அம்மா இல்லாம எப்டி கீறன்னு உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் கேக்கறேன். எப்டி கீற?"

நான் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. "சரி, ஏறு. அடுத்த வாரம் சொல்லு" என்றார்.

அந்தக் கேள்வியை நான் வைத்திருக்கிறேன். இன்றுவரை வேறு யாரும் கேட்காததால் அது அவர் குரலிலேயே இருக்கிறது. பதிலையும் அடுத்த வாரத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் படத்துக்கு முன்னால் தீபா இதைப் படிக்கும்போது அவருக்குப் போய்ச் சேரட்டும்.

நல்லா இல்ல, தலைவரம்மா.